கருவிகளின் அஞ்சல்



கல்முனையிலிருந்து மேற்கே நாவிதன்வெளிக்கு வருவோர் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து வருவது வழக்கம். கோடையில் அது சாதாரணமானதொரு வீதிதான். இருமருங்கும் நீர், நீரில் வலை வீசுவோர், வீதியில் சைக்கிள்களும் உழவு யந்திரங்களும். மாரியிலோ நிலைமை வேறு. வானம் இரண்டொரு நாள் விடாது பொழிந்து, மேலே சேனாநாயக்க சமுத்திரத்தின் வான்கதவுகளும் திறக்கப்பட்டுவிட்டால், தாம்போதியை மேவி நீர் பாயும். நாவிதன்வெளி, சவளக்கடை, அன்னமலை, மத்தியமுகாம் ஆகிய ஊர்களின் பாடசாலைகளுக்குக் கரையோர நகரங்களிலிருந்து வரும் ஆசிரியர்கள் அக்காலத்தில் விடிந்ததும் விடியாததுமாகக் கேட்கும் முதற் கேள்வி ஒன்றே: "கிட்டங்கியில் நீர் ஏறிவிட்டதா?"

இக்கேள்வியை யாரிடம் கேட்பது? தாம்போதிக்கு அண்மையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவரிடம் கேட்போம். நான் கேட்பேன், எனது உதவி அதிபர் கேட்பார், அயற் பாடசாலை ஆசிரியர் இருபது பேர் தனித்தனியே கேட்பர். பாவம், அந்த மனிதர் தேநீர் ஆற்றுவதா, தொலைபேசி எடுப்பதா? நீர் ஏறாத நாளிலும் இருபது அழைப்பு. ஏறிய நாளிலும் இருபது அழைப்பு. அவர் தொலைபேசியை அணைத்துவிட்டால் எவருக்கும் எதுவும் தெரியாது. எமக்கு இது வேடிக்கையான விஷயமன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்தபோது, மதரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு யந்திரம் அடித்துச் செல்லப்பட்டு இளம் உயிர்கள் பறிபோனதை இப்பகுதி மக்கள் இன்னும் நினைத்து நினைத்துக் கலங்குகின்றனர்.

தேநீர்க்கடை அன்பருக்கு நேர்ந்த இதே இடர்ப்பாடு, பிறிதொரு வடிவிலே, ஐக்கிய அமெரிக்காவில் எண்ணெய்க் குழாய்களைப் பராமரித்தோருக்கும் நேர்ந்தது. பிலிப்ஸ் 66 என்னும் நிறுவனத்தின் குழாய்கள் மனித வாடையற்ற நெடுந்தூரங்களைக் கடந்து செல்வன. அவற்றின் வழிநெடுக அமுக்கத்தை அளக்கும் கருவிகள் இருந்தன. தலைமை நிலையம் ஒவ்வொரு கருவியையும் முறைவைத்துக் கூப்பிட்டு, "உன்னிடம் செய்தி உண்டா?" என்று வினவும். "உண்டு" என்றாலும் "இல்லை" என்றாலும் அவ்விடை செயற்கைக்கோள் வழியே வந்து சேரவேண்டும். செயற்கைக்கோளுக்கோ அனுப்பும் அளவுக்கேற்பக் கட்டணம். 1999ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்போர்ட் கிளார்க், ஆர்கொம் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்லன் நிப்பர் என்னும் இருவர் இதற்கொரு மாற்று வழி கண்டனர். அதுவே இன்று எம்.கியூ.டி.டி. என வழங்கும் நெறிமுறையாகும். பொருள்களின் இணையம் எனப்படும் பெருவலையில், அளவு கருவிகளும் மின்விளக்குகளும் நீரிறைக்கும் யந்திரங்களும் ஒன்றோடொன்று பேசுவதற்கு மிகப் பரவலாகக் கையாளப்படும் வழிகளில் இது ஒன்று. 2014இல் ஓயாசிஸ் என்னும் சர்வதேச நிறுவனம் இதனை நியமமாக ஏற்றது, 2016இல் ஐ.எஸ்.ஓ. நியமமும் ஆயிற்று, 2019இல் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது.

ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இடாப்பு அழைப்பதை எண்ணிப் பாருங்கள். நாற்பது பெயரையும் அழைத்து நாற்பது விடையையும் கேட்கிறார். எல்லாரும் வந்திருக்கும் நாளில் இது வீண் வேலை. "குறைவிருந்தால் மட்டும் மாணவத் தலைவன் எழுந்து சொல்லட்டும்" என்று அவர் விதித்துவிட்டால் பொழுது மிச்சமாகும். மாற்றம் நிகழும்போது மாத்திரம் கருவி தானாகவே வாய் திறக்கட்டும் என்பதே அவ்விருவரும் கண்ட முதல் உபாயம்.

இரண்டாவது உபாயம், சொல்வோனும் கேட்போனும் நேருக்கு நேர் சந்தியாமை. இடையிலே ஒரு நிலையம் இருக்கும். ஆங்கிலத்தில் அதனை 'புரோக்கர்' என்பர். நம் பக்கத்தில் மாட்டுக்கும் நெல்லுக்கும் கலியாணத்துக்கும் புரோக்கர் உண்டு. அவர்கள் இருபக்கமும் தரகு வாங்குபவர்கள். கருவிகளின் புரோக்கர் தரகு வாங்குவதில்லை; ஆகையால் நான் அதனை இடைநிலையம் என்றே சொல்லப் போகிறேன். கிட்டங்கியில் உள்ள கருவி, "கல்லோயா, கிட்டங்கி, நீர்மட்டம்" என்னும் தலைப்பிட்டு "ஓரடி" என்று இடைநிலையத்துக்கு அனுப்பும். அத்தலைப்புக்குச் சந்தாதாரராகத் தம்மைப் பதிந்துகொண்ட அனைவருக்கும் இடைநிலையம் அதனை அனுப்பிவைக்கும். கேட்போர் இருவரா இருநூறு பேரா என்பது கிட்டங்கிக் கருவிக்குத் தெரியவேண்டியதில்லை. புதிதாக ஒருவர் சேர்ந்தாலும் அக்கருவியைத் தொட்டுத் திருத்தவேண்டியதில்லை. தலைப்புகள் படிப்படியாக அமைவதால், ஒரு சந்தாதாரர் கிட்டங்கியை மட்டும் கேட்கலாம். கல்லோயாவின்கீழ் வரும் எல்லா இடங்களின் நீர்மட்டத்தையும் ஒரே குறியீட்டாலும் கேட்கலாம்.

வானொலி நேயர்களுக்கு இது புதிதன்று. இப்பொழுது நான் பேசுகிறேன். யார் கேட்கிறார் என்று அறியேன். கேட்போர் தாம் விரும்பிய அலைவரிசைக்குத் தம் பெட்டியைத் திருப்புகின்றனர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இப்பேச்சின் நடுவே உங்கள் ஊரில் மின்சாரம் நின்றுவிட்டால், நான் சொன்னது உங்களைப் பொறுத்தவரை போனது போனதே. வானொலி திரும்பச் சொல்வதில்லை. கருவிகளின் அஞ்சலில் அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். அதுவும் மூன்று தரமாக.

முதல் தரத்தை, அதாவது சுழியத் தரத்தை, வானொலித் தரம் எனலாம். ஒருமுறை சொல்லப்படும், போய்ச் சேர்ந்ததா என்று கேட்கப்படுவதில்லை. வயலின் வெப்பநிலையை நிமிடந்தோறும் அனுப்பும் கருவிக்கு இது போதும். ஒன்று தவறினால் அடுத்த நிமிடத்தில் மற்றொன்று வரும்.

அடுத்தது பதிவுத் தபால் போன்றது. பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வரும்வரை அனுப்பியவர் விடமாட்டார். இணைப்பு அறுந்து மீண்டதும் திரும்பவும் அனுப்புவார். இதிலே செய்தி தப்பாது. ஆனால் வேறொரு சிக்கல் முளைக்கும். கடிதம் சேர்ந்துவிட்டது, ஒப்பம் திரும்பி வரும் வழியில் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவருக்கு அது தெரியாது. அவர் அதே கடிதத்தை மறுபடியும் அனுப்புவார். பெறுபவர் கையில் ஒரே செய்தி இரண்டு முறை வந்து சேரும்.

இரண்டு முறை வந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். துரிசுக் கதவு ஒன்றைத் தொலைவிலிருந்து இயக்குவதாக எண்ணுங்கள். "கதவை இன்னும் ஓரடி உயர்த்து" என்று கட்டளை போகிறது. அது இருமுறை சேர்ந்தால் கதவு ஈரடி உயரும். கீழ்வட்டையிலே கதிர் முற்றி நிற்கும் வேளாண்மை மூழ்கும். அதே கட்டளையை "கதவு மூன்றடி உயரத்தில் நிற்கட்டும்" என்று எழுதியிருந்தால், அது பத்துமுறை வந்தாலும் தீங்கில்லை. மூன்றடியில் நிற்கும் கதவு மூன்றடியிலேயே நிற்கும். கணினிப் பொறியியலாளர் இதற்குப் பெரிய பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். எமது வட்டவிதானைமார் பெயர் வைக்காமலே இவ்வழக்கத்தைக் கைக்கொண்டவர்கள். "கொஞ்சம் கூட்டு" என்று சொல்லியனுப்பினால் சண்டை வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கட்டளையை அவ்வாறு எழுத முடியாத இடங்களும் உண்டு. பணம் கழிப்பதைப் போன்ற காரியங்களுக்கு மூன்றாம் தரம் இருக்கிறது. அங்கே நான்கு படிகள்: "இதோ அனுப்பினேன்", "பெற்றேன்", "அப்படியாயின் நடத்தலாம்", "முடிந்தது". நான்கும் நிறைவேறினாலன்றிச் செய்தி தீர்ந்ததாகக் கணக்கில்லை. ஒருமுறைக்கு மேலும் சேராது, குறையாது. கூலி அதிகம், நேரமும் அதிகம்.

இங்கே ஒரு நுட்பத்தை நேயர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். இந்த ஒப்பங்களெல்லாம் கருவிக்கும் இடைநிலையத்துக்கும் நடுவே நடப்பவை. பின்னர் இடைநிலையத்துக்கும் கேட்கும் கருவிக்கும் நடுவே தனியாக நடப்பவை. கிட்டங்கிக் கருவிக்கு ஒப்பம் கிடைத்தது என்றால், இடைநிலையம் பெற்றுக்கொண்டது என்பதே பொருள். கல்முனையில் உள்ள ஆசிரியரின் கைபேசி பெற்றது என்பது பொருளன்று. அக்கைபேசி பெற்றாலும், உறங்கும் ஆசிரியர் அதனைப் படித்தார் என்பது இன்னும் பொருளன்று.

எமது கரையோர மக்கள் இதன் விலையை அறிவார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலை, எமது நேரப்படி ஏழு மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. ஹவாயில் உள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தினுள் அதனை அறிந்து, தன் பட்டியலிலிருந்த பசுபிக் நாடுகளுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டது. அலை எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஆனால் மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் சாய்ந்தமருதுக்கும் காரைதீவுக்கும் அச்செய்தி வந்துசேர ஒரு பாதை இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அளந்த கருவி இருந்தது, அளவும் இருந்தது. சந்தாதாரர் பட்டியலில் நாம் இருக்கவில்லை.

அதன்பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாயிற்று. அதற்கடுத்த ஆண்டுகளில் லேர்ன்ஏசியா என்னும் ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் இணைந்து, கரையோரக் கிராமங்களில் எச்சரிக்கைக் கருவிகளை வைத்துப் பரீட்சித்தன. செயற்கைக்கோள் வானொலி, கைபேசி, நிலையான தொலைபேசி எனப் பல வழிகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் டயலொக் நிறுவனத்தின் துணையுடன் இயங்கிய ஆய்வுகூடம் ஆக்கிய தொலை எச்சரிக்கைக் கருவியே என் மனத்தைக் கவர்ந்தது. அது ஒலியெழுப்பும், விளக்கை மின்னச் செய்யும், செய்தியை எழுத்திலும் காட்டும். அத்துடன் அதில் ஒரு பொத்தான் உண்டு. செய்தியைக் கண்ட மனிதர் அதனை அழுத்தவேண்டும். அழுத்தினாற்றான் அனுப்பியவர்களுக்கு "ஒரு மனிதர் கண்டுவிட்டார்" என்று தெரியும். இவ்வழியிலேயே 2009இல், டயலொக், மொரட்டுவைப் பல்கலைக்கழகம், மைக்ரோஇமேஜ் ஆகியவற்றின் கூட்டு முயற்சியால், டியூன் என்னும் அவசர எச்சரிக்கை வலையமைப்பு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்காகத் தொடக்கப்பட்டது. அது கையாண்ட வழி எம்.கியூ.டி.டி. அன்று, கைபேசிக் குறுஞ்செய்தியும் செல் ஒலிபரப்புமாகும். ஆனால் கேள்வி அதே கேள்விதான்: ஒப்பமிட்டவர் யார்?

இனி எமது பாடசாலைக் கதைக்கு வருகிறேன். நான் கலைப்பட்டதாரி, சரித்திரமும் தமிழும் படித்தவன். இவ்விஷயங்களை எனக்குக் கற்பித்தவர்கள் எமது உயர்தர வகுப்புத் தொழினுட்ப மாணவர்கள். அவர்கள் சில ஆண்டுகளுக்கு முன், மலிவான நுண்கட்டுப்படுத்திச் சில்லு ஒன்றையும் நீர்மட்டம் அறியும் மிதவையையும் இணைத்து, நண்பர் ஒருவரின் வளவு ஓரத்திலே, நீர் ஏறும் இடமாகப் பார்த்து, ஒரு கம்பத்தில் பொருத்தினர். பாடசாலைக் கணினி ஒன்றில் மொஸ்கிட்டோ என்னும் இலவச இடைநிலைய மென்பொருளை ஏற்றினர். கொசுவின் பெயரைக் கொண்ட இம்மென்பொருள் மிகச் சிறியது. பழைய கணினியிலும் ஓடும். எம்.கியூ.டி.டி. செய்தியின் கட்டாயத் தலைப்பகுதி இரண்டு பைட்டு அளவே இருக்கலாம். "உயிரோடிருக்கிறேன்" என்று கருவி சொல்லும் செய்தி முழுவதுமே இரண்டு பைட்டுத்தான். இணையப்பக்கம் ஒன்றைக் கேட்டுப் பெறும் வழக்கமான முறையில் முகவுரையே பல நூறு பைட்டுகள் செல்லும். ஆகையால் மாணவர்கள் தம் கைச்செலவிலே ஒரு மாரி முழுவதும் இதனை நடத்த முடிந்தது.

இந்நெறிமுறையில் 'நிறுத்திவைத்த செய்தி' என்றொரு வசதி உண்டு. ஒவ்வொரு தலைப்பிலும் கடைசியாக வந்த செய்தியை இடைநிலையம் கரும்பலகையில் எழுதிவைத்தாற்போல் வைத்திருக்கும். புதிதாக வந்து கேட்பவர் அடுத்த செய்தி வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. கரும்பலகையில் உள்ளதை உடனே பெறுவார். மாணவர்கள் இதனைப் பயன்படுத்தியதால், ஆசிரியர்கள் கைபேசியைத் திறந்தவுடனே நீர்மட்டம் தெரிந்தது. தேநீர்க்கடை அன்பர் மகிழ்ந்தார்.

ஒரு நாள் காலை கைபேசி "கணுக்கால் அளவு" என்று காட்டியது. ஆசிரியை ஒருவர் அதனை நம்பித் தம் சிறு மகளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தாம்போதியிலே நீர் முழங்காலுக்கு மேல் பாய்ந்துகொண்டிருந்தது. அவர் தொடக்கத்திலேயே நின்று திரும்பியதால் தப்பினார். நடந்தது என்னவெனில், முந்திய இரவு பதினொரு மணியளவில் எமது கருவியின் மின்கலம் தீர்ந்துவிட்டது. அப்போது நீர் கணுக்கால் அளவே. கரும்பலகையில் எழுதியது எழுதியபடியே இருந்தது. எழுதியவன் இறந்துபோனதைக் கரும்பலகை சொல்லவில்லை. அன்று அலுவலகத்தில் அமர்ந்து நான் நெடுநேரம் ஒன்றும் செய்யவில்லை. மாணவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. "நன்று, நன்று" என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நானே.

மாணவர்கள் விட்ட பிழைக்கு மருந்து நெறிமுறையிலேயே இருந்தது. அதனை ஆங்கிலத்தில் 'கடைசி உயில்' என்கிறார்கள்; நாம் மரணசாசனம் என்போம். கருவி இடைநிலையத்துடன் இணையும் அப்பொழுதே, "நான் சொல்லாமற் கொள்ளாமல் மறைந்துவிட்டால் என் பெயரில் இச்செய்தியை வெளியிடுக" என்று ஒரு வாசகத்தை ஒப்படைத்துவிடும். எத்தனை விநாடிக்கு ஒருமுறை தான் உயிரோடிருப்பதை அறிவிக்கும் என்பதையும் அப்போதே சொல்லும். அறுபது விநாடி என்று சொன்ன கருவி, அதன் ஒன்றரை மடங்கான தொண்ணூறு விநாடி வரை வாய்திறவாவிட்டால், இடைநிலையம் அதனை இழந்ததாகக் கொண்டு சாசனத்தை நிறைவேற்றும். விடைபெற்று முறைப்படி விலகும் கருவிக்குச் சாசனம் வாசிக்கப்படுவதில்லை. அச்சாசனத்தையும் கரும்பலகைச் செய்தியாகவே எழுதச் சொல்லலாம். அப்போது பழைய "கணுக்கால்" அழிந்து, "கருவி இல்லை" என்பது அவ்விடத்தில் நிற்கும். ஐந்தாம் பதிப்பில், செய்திக்கு ஆயுட்காலம் விதிக்கவும் வழியுண்டு. இவற்றோடு, அளந்த நேரத்தையும் செய்தியிலேயே எழுதவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். சரித்திர ஆசிரியனுக்குத் திகதியற்ற ஆவணம் பிடிக்காது.

வரிசை என்பதைப் பற்றியும் ஒரு சொல். மாணவர்கள் இதனை 'செய்தி வரிசை' என்று அழைப்பார்கள். பெயரில் உள்ள எம்.கியூ. என்பது ஐ.பி.எம். நிறுவனத்தின் பழைய வரிசை மென்பொருளின் பெயரிலிருந்து வந்ததேயன்றி, இந்நெறிமுறை முழுமையான வரிசை முறையன்று. ஒரு சந்தாதாரர் சிறிது நேரம் மறைந்திருந்தால், முற்கூட்டியே சொல்லிவைத்திருப்பாராயின், பதிவுத் தபால் தரச் செய்திகளை இடைநிலையம் அவருக்காகக் காத்துவைத்துப் பின்னர் முறைப்படி கொடுக்கும். அவ்வளவே. ஒவ்வொரு செய்தியும் பலருள் ஒருவரிடம் மட்டும் போய்ச்சேர்ந்து வேலை முடியவேண்டும் என்னும் பெரிய வங்கிக் கணக்குகளுக்கு வேறொரு நெறிமுறை உண்டு. அது ஏ.எம்.கியூ.பி.; ஜே.பி. மோர்கன் சேஸ் வங்கியில் 2003இல் ஜோன் ஓஹாரா தொடக்கியது. வைத்தியசாலையில் இலக்கத்துண்டு பெற்று வரிசையில் இருக்கும் நோயாளரை, எந்த வைத்தியர் ஓய்வாயிருக்கிறாரோ அவர் அழைப்பது போன்றது அது. 2005இல் சஞ்சீவ வீரவரணவும் சகாக்களும் தொடங்கிய எமது நாட்டு டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம், ஏ.எம்.கியூ.பி., எம்.கியூ.டி.டி. ஆகிய இரண்டுக்கும் இடங்கொடுக்கும் இடைநிலைய மென்பொருளை ஆக்கி வெளியிட்டதை எம்மாணவர்கள் பெருமையோடு சொல்வார்கள். கோஅப் என்று 2014இல் நியமமான மற்றொன்றும் உண்டு. அது இடைநிலையமின்றிக் கருவியை நேரே வினவும் எளிய முறை. எமது தாம்போதிக்கு அது பொருந்தவில்லை.

பாதுகாப்பை மறந்துவிட்டால் இவையெல்லாம் ஆபத்தாகும். எம்மாணவர்கள் தொடக்கத்தில் எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுப் பரீட்சை நிலையம் ஒன்றில் ஒத்திகை பார்த்தார்கள். ஒரு நாள் "நீர்மட்டம் 900" என்று வந்தது. அத்தனை நீர் வர நோவாவின் காலமல்லவா திரும்பவேண்டும்! உலகின் எங்கோ ஒரு மூலையிலிருந்த எவரோ அதே தலைப்பில் தம் சோதனையை எழுதியிருந்தார். மறைகுறியற்ற வழிக்கு 1883 என்னும் வாயில் இலக்கமும், மறைகுறியிட்டுப் பூட்டிய வழிக்கு 8883 என்னும் இலக்கமும் வழக்கமாக வழங்குகின்றன. நீர்மட்டத்தைத் தவறாகச் சொன்னாலே உயிர் போகும். துரிசுக்கதவைத் திறக்கும் கட்டளையை எவனும் எழுதலாம் என்றிருந்தால் என்னாகும்? எவர் எத்தலைப்பில் எழுதலாம், எவர் படிக்க மட்டும் செய்யலாம் என்பதைப் பெயர்வாரியாக விதித்தபின்னரே மாணவர்கள் மீண்டும் கம்பத்தைத் தொட நான் அனுமதித்தேன்.

இப்போது கம்பத்தில் இரண்டு மின்கலங்களும் சிறியதொரு சூரியத் தகடும் இருக்கின்றன. சாசனத்தின் வாசகத்தைப் பத்தாம் தர மாணவி ஒருத்தி எழுதினாள்: "கிட்டங்கிக் கருவி பேசவில்லை. நீர் எவ்வளவு என்று எமக்குத் தெரியாது. போய்ப் பாராமல் இறங்கவேண்டாம்." அது வெளியாகும் நாள்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் அவ்வாசகத்தையே வாசிக்கிறார்கள், தேநீர்க்கடை அன்பருக்கும் அன்றைக்கு மட்டும் அழைப்புகள் வருகின்றன.